பாரெட் ஆனர்ஸ் காலேஜ்: கலைப் படிப்புக்காரருக்குக் கொடுத்த காசு தேறுமா?

அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு (ஏ.எஸ்.யூ.) விண்ணப்பிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் என்றைக்காவது ஒருநாள் ‘பாரெட்’ என்ற பேச்சு வந்துவிடும். யூனிவர்சிட்டிக்குள்ளேயே, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று இருக்கும் ஆனர்ஸ் காலேஜ் அது. தனி விண்ணப்பம், தனிக் கட்டுரை, சேர்ந்த பிறகு செமஸ்டருக்குச் செமஸ்டர் தனிக் கட்டணம். வரலாறோ ஆங்கிலமோ, பட்டத்தை அந்தந்தத் துறைதான் கொடுக்கும். பாரெட் அதன்மேல் ஏறி உட்காரும் கூடுதல் மாடி. அந்த மாடிக்கு வாடகை கொடுத்துக் குடியேறலாமா என்பதைக் கலைப் படிப்புக்காரர் கணக்கில் மட்டும் இங்கே பார்க்கிறோம். எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு லேப், கம்பெனி புராஜெக்ட் என்று கணக்கே வேறு.

1988-இல் தொடங்கியது. இன்டெல் கம்பெனியை நடத்திய கிரெய்க் பாரெட்டும் அவர் மனைவி பார்பராவும் 1 கோடி டாலர் கொடுத்ததில் 2000-இல் அவர்கள் பெயர் வந்தது. டெம்பி, ஃபீனிக்ஸ் டவுன்டவுன், பாலிடெக்னிக், வெஸ்ட் வேலி என்று நான்கு வளாகங்களிலும் இருக்கிறது. மொத்தம் 7,000 பேர் அளவில் படிக்கிறார்கள். ‘பெரிய யூனிவர்சிட்டிக்குள் ஒரு சின்னக் காலேஜ்’ என்ற விளம்பரத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் படியுங்கள். வகுப்பறைக்குள் சின்னதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் அப்படித் தெரியாது.

முதலாண்டில் சேருகிறவர் முடிக்க வேண்டியவை இவை: 36 ஆனர்ஸ் கிரெடிட் (பாட அலகு), ஒரு தீசிஸ் (இறுதி ஆய்வேடு), கடைசியில் ஜி.பி.ஏ. எனும் மதிப்பெண் சராசரி 3.25-க்குக் குறையாமல். 36 என்றதும் மலைக்க வேண்டாம். பட்டத்துக்கு எப்படியும் எடுக்கப்போகிற பாடங்கள்தான் இவற்றில் பெரும்பகுதி. ‘தி ஹியூமன் ஈவென்ட்’ என்ற இரண்டு செமஸ்டர் பாடத்துக்கு 6, தீசிஸுக்கு 6. மீதி 24, அதாவது 3 கிரெடிட் பாடங்கள் எட்டு. ஆனர்ஸ் பிரிவாகவே நடக்கும் பாடத்தை எடுக்கலாம், அல்லது சாதாரணப் பாடத்தை ‘கான்ட்ராக்ட்’ போட்டு ஆனர்ஸ் ஆக்கிக்கொள்ளலாம். செமஸ்டருக்கு ஒன்று, சில செமஸ்டரில் இரண்டு என்று பரப்பினால் மூச்சு முட்டாது. முதல் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் ஒரே செமஸ்டரில் மூன்று கான்ட்ராக்ட் போடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

ஹியூமன் ஈவென்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கோர்ஸ் எண்கள் ஹெச்.ஓ.என். 171, 272. பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் வாங்கித் தரும் ஏ.பி. தேர்வுகள் எத்தனை எழுதியிருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. பழங்கால நூல்களில் தொடங்கி இன்றைய காலம் வரை மூல நூல்களை வாசித்து, சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசுவதுதான் வகுப்பே. விரிவுரை கிடையாது, குறிப்பு எடுத்து மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. பேச்சுக்கு மதிப்பெண் உண்டு. நன்றாகப் படிக்கிற, ஆனால் கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை இங்கேதான் முதல் ‘பி’ வாங்கும்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. வாசிக்கும்போது இரண்டே இரண்டு இடங்களைப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்வது: ஒன்று ஒத்துக்கொள்ள முடியாத இடம், மற்றது புரியாத இடம். வகுப்பு தொடங்கிய முதல் கால் மணி நேரத்துக்குள் அதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரம் போகப் போகப் பேச்சு வேறு திசையில் ஓடிவிடும், குறித்து வைத்தது கையிலேயே தங்கிவிடும். கட்டுரை விஷயத்திலும் இதே கதைதான். ‘இந்த நூலில் நட்பு முக்கிய இடம் வகிக்கிறது’ என்று தொடங்கும் கட்டுரையை யாரும் மறுக்க முடியாது. யாரும் மறுக்க முடியாத வாக்கியத்துக்கு இங்கே மதிப்பெண் குறைவு. இன்னொரு மாணவர் ‘இல்லையே’ என்று கிளம்பும்படியான ஒரு வாக்கியத்தை முதல் பத்தியில் வைக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாரெட்டில் கலைப் பிள்ளைக்குக் கிடைப்பதில் காசுக்குத் தேறும் முதல் சரக்கு இந்தப் பயிற்சிதான்.

அடுத்தது கான்ட்ராக்ட். காகிதத்தில் பார்த்தால் எளிது: செமஸ்டர் தொடங்கிய சில வாரத்துக்குள் பேராசிரியரிடம் பேசி, கூடுதலாக என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்து, ஆன்லைனில் பதிந்து, அவர் ஒப்புதல் வாங்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் ‘முடித்துவிட்டார்’ என்று அவர் மறுபடியும் உறுதி செய்ய வேண்டும். பாடத்தில் ‘சி’-யாவது வாங்கியிருக்க வேண்டும். பதிவுக்கான கடைசித் தேதி போனால் போனதுதான். முதல் வகுப்பு முடிந்த அன்றைக்கே பேராசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் அவரிடம் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள்.

சரக்கு இருப்பது உள்ளடக்கத்தில். பல கான்ட்ராக்ட் ‘கூடுதலாகப் பத்துப் பக்கக் கட்டுரை’ என்றுதான் இருக்கும். பேராசிரியருக்கு அது படிக்க வேண்டிய இன்னொரு கட்டு, மாணவருக்கு எழுத வேண்டிய இன்னொரு சுமை, இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. நல்லது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்கக் குடியேற்ற வரலாறு என்ற பாடம் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். 1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்லிங் அமெரிக்கா’ தளத்தில் அந்தக் காலச் செய்தித்தாள்கள், அரிசோனா தாள்கள் உட்பட, இலவசமாகக் கிடைக்கின்றன. கான்ட்ராக்டில் இப்படி எழுதலாம்: ‘தீர்ப்புக்குப் பிந்தைய 60 நாட்களில் மூன்று தாள்களில் வந்த செய்திகளைத் தேடி, அட்டவணைப்படுத்தி, அவை இந்தியரை என்ன சொல்லால் குறிப்பிட்டன என்று 1,500 சொற்களில் எழுதுவேன். மூன்று முறை, அரை மணி நேரம் வீதம் பேராசிரியரைச் சந்திப்பேன்.’

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. எல்லை தெளிவாக இருக்கிறது, அதனால் முடிந்ததா இல்லையா என்ற சண்டை வராது. மூலப் பொருள் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அந்த மூன்று சந்திப்பு. சிபாரிசுக் கடிதம் எழுதக்கூடிய அளவுக்கு ஒரு பேராசிரியர் மாணவரைத் தெரிந்துகொள்வது அப்படித்தான். தேடும்போது ஒரு சிக்கல் வரும்: அந்தக் கால அச்சைக் கணினி வாசித்ததில் எழுத்துப் பிழைகள் நிறைய. ‘திண்ட்’ என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். அந்தக் காலத் தாள்கள் சீக்கியரையும் சேர்த்து இந்தியர் எல்லாரையும் ‘ஹிண்டு’ என்றே எழுதின என்பதால் அந்தச் சொல்லையும் தேதி வரம்பையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இந்த மாதிரி ஒரு கான்ட்ராக்ட் சும்மா போகாது, தீசிஸுக்கு விதையாகும். எட்டில் இரண்டு பாடமாவது ஒரே திசையில் இருந்தால் நாலாம் வருடம் பாதி வேலை முடிந்திருக்கும்.

தீசிஸ்தான் பாரெட்டின் முதுகெலும்பு, பலர் பாதியில் இறங்கிவிடும் இடமும் அதுதான். ஒரு வழிகாட்டி, கூடவே இன்னொரு குழு உறுப்பினர், முன்வரைவாக ஒரு ப்ராஸ்பெக்டஸ், ஏழாம் செமஸ்டரில் 3 கிரெடிட், எட்டாம் செமஸ்டரில் 3 கிரெடிட், கடைசியில் குழு முன் உட்கார்ந்து வாய்மொழி டிஃபென்ஸ். ஆய்வுக் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிறுகதைத் தொகுப்பு, நாடகம், ஆவணப்படம் மாதிரி படைப்பாகவும் செய்யலாம். பக்கக் கணக்கு துறைக்குத் துறை மாறும். முடித்தது ஏ.எஸ்.யூ.வின் ‘கீப்’ என்ற டிஜிட்டல் களஞ்சியத்தில் ஏறும். பொழுது போகாதபோது அந்தக் களஞ்சியத்தில் உங்கள் துறையின் பழைய தீசிஸ் பத்தைத் திறந்து முதல் பத்தியையும் நூற்பட்டியலையும் மட்டும் பாருங்கள். எவ்வளவு பெரிய கேள்வி எவ்வளவு காலத்தில் அடங்கும் என்ற அளவு பிடிபட்டுவிடும். எந்தப் பயிற்சி வகுப்பும் இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லித் தராது.

என்ன தவறும் என்று பார்த்தால், முதலில் தலைப்பின் அகலம். ‘புலம்பெயர்ந்த தெற்காசியரின் அடையாளம்’ என்பது ஒரு துறையின் பெயர், தீசிஸின் பெயராகாது. 2008-இல் தொடங்கிய தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் உள்ள ஒரே குடும்பத்தின் கடிதக் கட்டு, ஒரே பத்தாண்டு என்று சுருக்கினால் முடிக்கலாம். இரண்டாவது, வழிகாட்டி அடுத்த வருடம் ஊரில் இருப்பாரா என்று கேட்காமல் விடுவது. ஒரு வருட ஆய்வு விடுப்பில் போகிறவர், ஒப்பந்தம் முடியப்போகிற தற்காலிக ஆசிரியர் இருவருமே நல்லவராக இருக்கலாம், ஆனால் ஏப்ரலில் கையெழுத்துப் போட இருக்க மாட்டார்கள். ஐந்தாம் செமஸ்டரில் பேச்சைத் தொடங்கி, ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் ப்ராஸ்பெக்டஸில் பெயர் ஏறிவிட வேண்டும். கேட்கும் மின்னஞ்சல் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: எந்தப் பாடம் அவரிடம் படித்தது, என்ன கேள்வி, என்ன மூலப் பொருள், எந்த செமஸ்டர், இருபது நிமிடம் பார்க்க முடியுமா.

மூன்றாவது, ஐ.ஆர்.பி. மனிதர்களை வைத்து ஆய்வு செய்தால் யூனிவர்சிட்டியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், அதற்கு முன்னால் ஆன்லைன் பயிற்சி ஒன்றையும் முடிக்க வேண்டும். சமூகவியல், உளவியல், கல்வியியல் பிள்ளைகள் பேட்டியை எடுத்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்பதுண்டு. பின்தேதியிட்ட ஒப்புதல் கிடையாது, எடுத்த பேட்டி அத்தனையும் குப்பைக்கு. திருத்தச் சொல்லித் திரும்பி வரும் என்பதையும் கணக்கில் வைத்து ஓரிரு மாதம் ஒதுக்குங்கள். அதேநேரம், ஜனவரி 2019 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க மத்திய அரசு விதி, வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு, இதழியல், இலக்கிய விமர்சனம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட நபரைப் பற்றியதாக இருக்கும்வரை இந்த வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பாட்டியின் கதையைப் பதிவு செய்வது ஒன்று, இருபது பாட்டிகளிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துப் பொதுவான முடிவு சொல்வது வேறொன்று. எந்தப் பக்கம் விழுகிறது என்று நீங்களே தீர்மானிக்காமல் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறைய ஏ.பி. கிரெடிட்டோடு வந்து மூன்றே வருடத்தில் முடிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் மிச்சம் என்பது சரிதான். ஆனால் தீசிஸ் பேச்சு அப்போது மூன்றாம் செமஸ்டரிலேயே தொடங்கியாக வேண்டும், அந்த வயதில் எந்தப் பேராசிரியரையும் அவ்வளவு தெரிந்திருக்காது. மூன்று வருடம், தீசிஸ், பாரெட் மூன்றும் சேர்ந்து சரிவர அமைவது அரிது.

இனி ஸ்காலர்ஷிப். தேசிய அளவிலான ஃபெலோஷிப்களுக்கு உதவும் ஆலோசனை அலுவலகம் பாரெட்டோடு சேர்ந்தே இயங்குகிறது, ஆனால் ஏ.எஸ்.யூ. மாணவர் எல்லாருக்கும் அது திறந்ததுதான். இதற்காக மட்டும் பாரெட்டில் சேர்வது வீண். நம்மவர் வீடுகளில் அதைவிடப் பெரிய கேள்வி வேறு: பிள்ளையின் விசா என்ன?

ட்ரூமன் ஸ்காலர்ஷிப், மூன்றாம் வருட மாணவருக்கு, மேற்படிப்புக்கு 30,000 டாலர் வரை. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஃபுல்பிரைட் அமெரிக்க மாணவர் திட்டம், மார்ஷல், போரன், கில்மன், பிற நாட்டு மொழி கற்க உதவும் கிரிட்டிகல் லாங்குவேஜ் எல்லாமே அப்படித்தான். யூடால் என்றால் கிரீன் கார்டு போதும். தேசிய அறிவியல் நிறுவனத்தின் கோடைக்கால ஆய்வு வாய்ப்புகளும், அவற்றில் சமூக அறிவியலும் உண்டு, குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கும். எஃப்-1 (மாணவர் விசா), ஹெச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகளுக்குத் திறந்திருப்பவை கேட்ஸ் கேம்பிரிட்ஜ், ஸ்க்வார்ஸ்மன், நைட்-ஹென்னெஸி மாதிரியானவை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸில் இந்தியாவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டுதான், ஆனால் அது இந்தியாவில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. அரிசோனாவின் சாண்ட்லரில் வளர்ந்த பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டை மட்டும் காட்டி அங்கே நுழைய முடியாது.

ஹெச்-4 பற்றி விளம்பர ஏட்டில் ஒரு வரிகூட இருக்காது. ஹெச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. பேராசிரியருக்குச் சம்பள உதவியாளர், எழுத்து மையத்தில் பயிற்சியாளர் என்று ஆனர்ஸ் மாணவருக்குக் கிடைக்கும் பல வாய்ப்புகள் இதில் அடிபட்டுவிடும். கிரெடிட்டுக்கு மட்டும் செய்வதில் தடையில்லை. 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும், அது பெரும்பாலும் தீசிஸ் வருடத்தில்தான் வந்து விழும். எஃப்-1-க்கு மாறும் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே போட வேண்டும். எஃப்-1 ஆனதும் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே இன்டர்ன்ஷிப் என்றால் பாடத்திட்டத்தோடு இணைந்ததாக இருந்து சி.பி.டி. என்ற வேலை அனுமதி வாங்க வேண்டும், கிரெடிட் உள்ள இன்டர்ன்ஷிப் பாடம் அதற்குக் கைகொடுக்கும். பட்டம் முடிந்தபின் ஆங்கிலம், வரலாறு படித்தவருக்கு ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம்தான், அறிவியல் தொழில்நுட்பக்காரருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இல்லை. பாரெட் முத்திரை இதை ஒரு நாள்கூட நீட்டாது.

மொழி விஷயத்தில் ஒரு விநோதம். கிரிட்டிகல் லாங்குவேஜ் பட்டியலில் இந்தி, உருது இருக்கின்றன, தமிழ் இல்லை. தமிழ் மூலங்களை வைத்துத் தீசிஸ் எழுத நினைப்பவர், வீட்டில் பேசத் தெரிந்தும் எழுத்து வராதவர், அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் நடத்தும் தமிழ் வகுப்பைப் பார்க்கலாம். ஆறாம் செமஸ்டர் முடிந்த கோடை அதற்குச் சரியான நேரம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். முன்கூட்டியே பாடம் பதிவு செய்யும் சலுகை நிஜமாகவே உபயோகம், முக்கியமாக இருபது இடமே உள்ள மேல்நிலைக் கருத்தரங்குகளுக்கு. விடுதி வசதி நன்றாக இருக்கிறது, 2009-இல் திறந்த டெம்பி வளாகம் தனி ஊர் மாதிரி. இளநிலை ஆய்வு மாநாடு என்று ஆண்டுதோறும் வசந்தத்தில் தேசிய அளவில் ஒன்று நடக்கிறது, 1987-இல் ஆஷ்வில்லில் தொடங்கியது. கான்ட்ராக்ட் கட்டுரையைச் செதுக்கி அங்கே அனுப்பலாம், பயணச் செலவுக்குத் துறையிடமும் கேட்கலாம், ஆனர்ஸ் அலுவலகத்திடமும் கேட்கலாம். ஆனர்ஸ் வட்டாரத்தில் ஊரையே நூலாக வாசிக்கும் ‘சிட்டி ஆஸ் டெக்ஸ்ட்’ என்று ஒரு பழைய பயிற்சி உண்டு: வரைபடம் போடு, கவனி, காதுகொடு, பிறகு யோசி. டெம்பியில் லைட் ரெயில் ஏறி டவுன்டவுன் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று எழுதிக்கொண்டு போனாலே போதும், காசில்லாமல் ஒரு சமூகவியல் கான்ட்ராக்ட் தயார்.

‘நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், உறுப்பினர் கட்டணம் செலுத்துங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பும், படிப்பில் சிறந்தவரைச் சேர்க்கும் ஆனர் சொசைட்டிகளிடம் மட்டும் கொஞ்சம் உஷார். 1776-இல் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாவின் கிளை ஏ.எஸ்.யூ.வில் இருக்கிறது, அழைப்பு வந்தால் கட்டணம் கட்டலாம். ஆங்கிலத் துறைக்கு சிக்மா டௌ டெல்டா, வரலாற்றுக்கு ஃபை ஆல்ஃபா தீட்டா. மற்றதற்குத் துறை அட்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

ஆக, யாருக்கு இது சரிப்படும்? தானாக வாசிக்கிற, வாதாடுகிற, ஒரே விஷயத்தில் ஒன்றரை வருடம் கிடக்கத் தயாரான பிள்ளைக்குத் தாராளமாகத் தேறும். மேற்படிப்புக்கு எழுத்து மாதிரி கேட்கும் முனைவர் பட்டத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கிறவருக்கு அந்தத் தீசிஸ் ஒன்றே கட்டணத்தை ஈடுகட்டும். சட்டக் கல்லூரி போகிறவருக்குப் பாதிப் பலன்: அங்கே ஜி.பி.ஏ.வும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் முன்னால் நிற்கும், தீசிஸ் பின்வரிசையில்தான். ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்பதற்காகச் சேர்கிறவர் ஆறாம் செமஸ்டரில் விலகிவிடுவார், அதுவரை கட்டிய கட்டணம் திரும்பாது.

முதலாண்டிலேயே முடிவெடுத்தாக வேண்டும் என்பதுமில்லை. ஏற்கெனவே ஏ.எஸ்.யூ.வில் படிப்பவரும், கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வருபவரும் பிறகு விண்ணப்பிக்கலாம். மூன்றாம் வருட அளவில் சேர்கிறவர்களுக்கு ஹியூமன் ஈவென்ட் இரண்டு செமஸ்டருக்குப் பதிலாக வேறொரு பாடம், கிரெடிட் எண்ணிக்கையும் குறைவு, தீசிஸ் மட்டும் அப்படியே. இழப்பது முதல் இரண்டு வருட வகுப்பறைப் பேச்சையும் விடுதியையும். மிச்சமாவது அத்தனை செமஸ்டர் கட்டணம். சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும்போதே அந்த வருடத்துக் கட்டணத்தையும், கொடுக்கும் உதவித்தொகை பாரெட்டில் இருந்தால்தானா, இல்லாவிட்டாலும் உண்டா என்பதையும் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, எட்டு செமஸ்டருக்கும் நாலு செமஸ்டருக்கும் பெருக்கிப் பாருங்கள்.